துப்பாக்கி இல்லாத ஆர்பி (ரோல்பிளே): காசிமேட்டு மீன்காரர் கேரக்டர் எடுபடுமா?

கல்மண்டபம்_13:
ஜிடிஏ கேம்ல ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு ஆடற ஃபைவ்எம் தமிழ் சர்வர் ஒண்ணுக்கு ஒயிட்லிஸ்ட் ஃபாரம், அதாவது உள்ள சேர்த்துக்கச் சொல்ற விண்ணப்பம், நிரப்பணும். கேங், போலீஸ் ரெண்டும் ஒத்துவராது. பேச்சு, வியாபாரம், சின்னச் சின்ன வம்பு, இதுதான் பிடிக்கும். காசிமேட்டுலேர்ந்து கேம்ல வர்ற லாஸ் சாண்டோஸ் ஊருக்கு வந்து சேர்ந்த மீன்காரர்னு எழுதலாமா? நார்த் மெட்ராஸ்னாலே ரவுடின்னு முத்திரை குத்துறாங்க, அது வேணாம். வீடு வேற ஒத்த ரூம், ராத்திரியில மைக்ல கத்திப் பேச முடியாது.

வலைக்காரன்:
தாராளமா எழுதுங்க. ஆனா ‘நல்லவர், உழைப்பாளி’ன்னு மட்டும் போட்டா அரை மணி நேரத்துல பேச விஷயம் தீந்துடும். ஒரு தேவை, ஒரு கோளாறு, ஒரு கடன் வேணும். சொந்தமா படகு வாங்கணும். சொன்ன விலையில அஞ்சு ரூபா கூட இறங்க மாட்டார். வட்டிக்காரன் போனை எடுக்க மாட்டார். இதுக்கே தினம் நாலு பேர் வந்து மல்லுக்கு நிப்பாங்க.

ஊரை விட்டதுக்குக் காரணம் கேப்பாங்க. விசைப்படகு ஆளுன்னா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில, வட்டி மட்டும் ஓடும். ஃபைபர் படகுன்னு எழுதினா இந்தக் கதை நிக்காது, அதுக்குத் தடை கிடையாது. விவரம் தெரிஞ்சவன் அங்கேயே மடக்கிடுவான்.

அப்புறம் கேம்ல ஒரு நாள் நிஜத்துல 48 நிமிஷம். ‘விடிகாலை ஏலம்’னு கேம் கடிகாரத்தை நம்பினா ரெண்டு மணி நேரத்துல ரெண்டு மூணு தடவை விடியும், ஒரு ஈ காக்கா வராது. ‘ராத்திரி 9 மணிக்கு ஏலம்’னு நிஜ நேரத்தைச் சொல்லிடுங்க.

தண்டையார்பேட்டை81:
பாஷை பத்தி ஒண்ணு. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘இன்னா நைனா’ போட்டா சினிமா ரவுடிதான் வருவான். ‘கீது’, ‘வந்துகினு’ அங்கங்க ரெண்டு விழுந்தா போதும். மீதியை மீன் பேசட்டும். சாட்ல டைப் பண்றதுல ‘மீ’ கமாண்ட் நம்ம கேரக்டர் செய்யறதைச் சொல்ல, ‘டூ’ கமாண்ட் கண்ணுக்குத் தெரியறதைச் சொல்ல, கேக்க. இப்படி:

மீ: கூடையிலேர்ந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்துத் தட்டுல வைக்கிறார்.
டூ (வாங்கறவர்): செவுள் சிவப்பா இருக்கா?
டூ: வெளுத்திருக்கு.

‘டூ’ல கேட்டா உண்மையத்தான் சொல்லணும், அதான் விதி. வாயால ‘இப்போ வந்த மீனு சார்’னு அடிச்சு விடலாம், அது கேரக்டரோட பொய். சண்டைக்கு இதுல பாதி சுவாரசியம் கூட கிடையாது.

‘மீ: அவரைக் கீழே தள்ளிட்டார்’னு எழுதாதீங்க. எதிராளிக்கு வழியே விடலைன்னு ‘பவர்கேமிங்’ங்கற விதிமீறல்ல மாட்டுவீங்க. ‘தள்ளப் பார்க்கிறார்’ வரைக்கும்தான்.

மணிக்கூண்டு_மைக்:
சத்தத்துக்கு வழி இருக்கு. நிறைய சர்வர்ல கேம்ல குரல் கேக்க வைக்கற பிஎம்ஏ-வாய்ஸ்னு ஒரு ஸ்க்ரிப்ட் போட்டிருப்பாங்க. எஃப்11 தட்டினா கிசுகிசு, சாதா, கத்தல்னு மாறும். மாத்தாம விட்டிருந்தா தூரம் 3, 7, 15 மீட்டர். நீங்க எவ்வளவு கத்தறீங்கன்னு அது பாக்காது, எவ்வளவு தூரம் கேக்கணும்னுதான் பாக்கும். ‘கத்தல்’ல வெச்சுட்டு மெதுவா கூவினாலும் 15 மீட்டர் கேக்கும். மைக்கை வாயோரமா ரெண்டு விரல் தள்ளி வைங்க, நேரா வெச்சா மூச்சு இரையும். டிஸ்கார்ட்ல போட்ட ஃபேன் சத்தத் தடுப்பு ஃபைவ்எம் குரலுக்கு வேலை செய்யாது, அதனால பட்டனை அழுத்தினா மட்டும் மைக் திறக்கற புஷ்-டு-டாக்தான். வாயே திறக்க முடியாதுன்னா டைப் பண்ணி ஆடற சர்வர் பாருங்க.

கல்மண்டபம்_13:
நன்றி. எவனாவது துப்பாக்கிய நீட்டி கல்லாவைக் கேட்டா?

வலைக்காரன்:
பயப்படணும், குடுத்துடணும். ஒத்தையா நின்னுக்கிட்டு மீன் வெட்டற அருவாமனையைத் தூக்கினா ஃபெயில் ஆர்பி, அதாவது நிஜத்துல யாரும் செய்யாததைச் செய்யற தப்பு. ஆனா காசு போன மறுநாள் ‘நேத்து கல்லா காலி, இன்னிக்கு கடன் கிடையாது’ன்னு அதே ஆள் கிட்டயே விலை ஏத்தி விக்கலாம். முகமூடி போட்டிருந்தா மட்டும் அவன்தான்னு தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அவன் ஸ்ட்ரீம்ல பாத்து தெரிஞ்சுக்கிட்டா மெட்டாகேமிங், அதாவது கேரக்டருக்குத் தெரியாததைக் கேம்ல பயன்படுத்தறது, நேரா சர்வர்லேர்ந்து தூக்கிடுவாங்க.

தண்டையார்பேட்டை81:
வஞ்சிரத்தோட சங்கராவும் வைங்கண்ணா, கேங் பசங்க கையில எப்பவும் காசு இருக்காது.