பிளாஸ்மா மெருகேற்றிய நானோ தண்டுகளின் புல உமிழ்வு மூன்றே நாளில் குறைகிறது

நாகர்கோவிலில் ஆய்வு மாணவராக இருக்கிறேன். துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சமினும் கலந்த கரைசலில், 90 டிகிரி செல்சியஸில், சிலிக்கன் தகட்டின்மீது துத்தநாக ஆக்சைடு நானோ தண்டுகளை வளர்க்கிறேன். ஆர்கான் பிளாஸ்மாவில் ஐந்து நிமிடம் வைத்தபின், தொடக்கப் புலம் (அதாவது, தண்டு முனைகளிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவரும் புல உமிழ்வு தொடங்கத் தேவையான மின்புலம்; குறைந்தால் நல்லது) மைக்ரோமீட்டருக்கு 4.6 வோல்ட்டிலிருந்து 3.1 ஆக இறங்கியது. அதே தகட்டை மூன்று நாள் கழித்து அளந்தால் 4.4 காட்டுகிறது.

அளவீட்டு வெற்றிடக் கலம் திருவனந்தபுரத்தில் இருப்பதால் தகடுகளைத் தொடர்வண்டியில்தான் கொண்டுசெல்கிறேன். ஜூன் மாதத்து மழைக்காற்றில், பெட்டிக்குள் நீல நிறத்தில் வைத்த சிலிக்கா ஜெல் போய்ச் சேருவதற்குள் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. பிளாஸ்மா உண்டாக்கிய, ஆக்சிஜன் அணு இல்லாத காலியிடங்களில் நீரும் ஆக்சிஜனும் ஒட்டி, வெளியேற்று ஆற்றலை (எலக்ட்ரான் பரப்பைவிட்டு வெளிவரத் தேவையான ஆற்றலை) கூட்டுகின்றன என்பது என் ஊகம். ஆனால் உமிழ்வு மின்னோட்டம் மின்புலத்தோடு மாறுவதைக் காட்டும் பவுலர்–நார்டைம் வரைபடத்தின் சரிவு வெளியேற்று ஆற்றலையும் முனைக் கூர்மையையும் சேர்த்தே காட்டுவதால், அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலவில்லை. மின்னணு நுண்ணோக்கியில் முனைகள் மழுங்கியதாகத் தெரியவில்லை.

நைட்ரஜன் நிரப்பிய உறையில் அனுப்பிப் பார்த்தேன், பயனில்லை. வெற்றிடத்தில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கியபோது பாதி மட்டுமே மீண்டது. காற்றில் 400 டிகிரிக்குச் சூடாக்கியதோ பிளாஸ்மாவின் பலனையே அழித்துவிட்டது.

உமிழ்வைக் குறைக்காமல் இம்முனைகளை ஈரக்காற்றிலிருந்து காக்க, பிளாஸ்மா முடிந்தவுடன் எந்த மெல்லிய பூச்சை, எத்தனை நானோமீட்டர் தடிமனில் இடலாம்?