பழைய ஓட்டு வீட்டு மரத்துக்கு பேங்க் மதிப்பு போடணுமா, வேண்டாமா?

வேளிமலையான்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதுனது: "இடிஞ்ச வீட்டுக்கு வேல்யூவேஷன் குறைஞ்சா வாங்குறவனுக்கு நல்லதுதான். மண்ணுக்குத்தான் வெல, கூரைக்கு ஒண்ணுமில்ல." படிச்சு எரிச்சல் தாங்கல.

என் தங்கச்சி மாப்பிள தக்கலைக்குப் பக்கத்துல ஒம்பது சென்ட்ல ஒரு ஓட்டு வீடு பேசியிருக்காரு. வெல 60 லட்சம். 80 சதவீதம், 48 லட்சம் லோன் வரும்னு இருந்தோம். பேங்க்ல இருந்து மதிப்பு போட வந்த வேல்யூவர் 45-ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. இப்ப 36 தான். மிச்ச 12 லட்சத்துக்கு எங்க போறது? மச்சு, அதான் ஓட்டுக்குக் கீழ போட்ட மரத்தட்டு, முழுக்கத் தேக்கு. உத்திரம் அயினி மரம். ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். அந்த மரத்துக்கு ஒரு ரூவா கூட போடல.

குழித்துறைக்காரன்:
என்னையத்தான் சொல்லுதீருன்னு தெரியுது, பேரச் சொல்லியே எழுதலாமே. பேங்க் என்ன மரக்கடையா நடத்துது? நாளைக்கு நீங்க கட்டலன்னா வீட்ட ஏலம் விடணும். ஏலத்துக்கு வாறவன் உத்திரத்தத் தட்டிப் பாத்தா வெல சொல்லுவான்?

வேளிமலையான்:
தட்டித்தான் பாப்பான். எங்க வீட்டுல மூணு தலமொற மரவேல. பழைய வீட்டப் பொளிச்சா மொதல்ல வித்துப் போறதே கதவும் நெலையும்தான். காசுக்கு விக்கிற சாமானுக்கு மதிப்பு இல்லன்னா எப்படி?

கோட்டாறு அக்கா:
நான் பேங்க்ல லோன் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவ. கொஞ்சம் கேளுங்க. வாங்குற வெல, வேல்யூவேஷன் ரெண்டுல எது கம்மியோ அதுலதான் சதவீதம் பாப்பாங்க. லோன் 30 லட்சத்துக்கு மேல 75 வரைக்கும் 80 சதவீதம், இது ரிசர்வ் பேங்க் வச்ச உச்சவரம்பு. பத்திரச் செலவு அந்தக் கணக்குல சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒம்பது சதவீதமும் கைக்காசுதான். கட்டடத்துக்கு இன்னும் எத்தன வருஷம் ஆயுசு இருக்குன்னும் வேல்யூவர் எழுதணும். அது லோன் வருஷத்த விட கம்மியா இருந்தா பேங்க் தயங்கும்.

பக்கத்துல சமீபத்துல பதிவான கிரயப் பத்திர நகல் ரெண்டு மூணு எடுத்து, மறுமதிப்பு கேட்டு மேனேஜருக்கு எழுதிக் குடுங்க. ஆமா, அந்த வீட்டுக்கு வழி எத்தன அடி?

வேளிமலையான்:
வழி கிடக்கட்டும் அக்கா. மரத்துக்கு மதிப்பு உண்டா இல்லியா, அதச் சொல்லுங்க.

குழித்துறைக்காரன்:
அக்கா கேட்டதுக்கு பதில் வரல பாத்தேளா? நடவழியா இருக்கும். கார் போகாத வீட்டுக்கு 45 போட்டதே பெருசு.

வேளிமலையான்:
ஆறடி வழி. ஆட்டோ போவும். பத்மநாபபுரம் அரண்மனை எத்தன நூற்றாண்டா மரத்துல நிக்குது? அதுக்கும் ஆயுசு முடிஞ்சுன்னு எழுதுவானா?

குழித்துறைக்காரன்:
அரண்மனைய கேரள தொல்லியல் துறை செலவு பண்ணிப் பாக்குது. உங்க மாப்பிள வீட்ட யாரு பாத்தா? ஓடு சரிஞ்சு மழத்தண்ணி உள்ள எறங்குன வீடு, போன மாசம் நீங்களே போட்டோ போட்டேரு. ஓட்டத் தாங்குற கழுக்கோல் நுனியெல்லாம் செதல் அரிச்சு மாவா உதிர்ந்து கிடந்துச்சு.

இரணியல் தம்பி:
56-ல நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தாச்சு, அரண்மனை மட்டும் இன்னும் கேரளா கைல. அதப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்க.

குழித்துறைக்காரன்:
தம்பி, அதுக்கு வேற எடம் இருக்கு.

இரணியல் தம்பி:
நீங்க அரண்மனை பேசலாம், நான் பேசக்கூடாதா?

வேளிமலையான்:
செதல் கழுக்கோல்லதான், உத்திரத்துல இல்ல. உத்திரம் அயினின்னு மூணாவது தடவ சொல்லுதேன். வந்த வேல்யூவர் டேப்ப வச்சு நீளம் அகலம் அளந்தாரு, முத்தத்துல நின்னு நாலு போட்டோ எடுத்தாரு, மச்சுக்கு ஏறவே இல்ல. ஏறாத ஆளு எப்படி மதிப்பு போடுவாரு?

கோட்டாறு அக்கா:
அந்த ஒரு விஷயத்த மட்டும் மனுவுல எழுதுங்க, மச்சப் பாக்கலன்னு. அதுக்கு எடை உண்டு. மரம் மரம்னு எழுதாதீங்க. இல்லன்னா வேற பேங்க், வேற வேல்யூவர். அதுவும் ஆகலன்னா விக்கிறவருகிட்ட ரிப்போர்ட்டக் காட்டி வெலயக் கொறைக்கப் பேசணும். அட்வான்ஸ் குடுத்தாச்சா? லோன் கிடைக்கலன்னா திருப்பித் தரணும்னு கரார் ஒப்பந்தத்துல எழுதியிருக்கா?

வேளிமலையான்:
மரத்தப் பத்தி எழுதாம வேற எதப் பத்தி எழுத? எழுதத்தான் போறேன்.

குழித்துறைக்காரன்:
அட்வான்ஸ் கேள்விக்கும் பதில் இல்ல. நடுவுல ஒரு புரோக்கர் இருக்கான்னு இப்ப வெளங்குது. 60-ன்னு வெல ஏத்துனது யாரு?

வேளிமலையான்:
யார வேய் புரோக்கர்னு சொல்லுதீரு? முந்தி இங்க ஓடுன கெணத்துத் தண்ணி விவகாரத்துலயும் இப்படித்தான் ஆதாரம் இல்லாம எழுதுனீரு. அதுக்கே இன்னும் பதில் சொல்லல.

குழித்துறைக்காரன்:
கெணத்துக்கு அன்னைக்கே பதில் சொல்லியாச்சு, போய்ப் படியும்.

வேளிமலையான்:
படிச்சேன். அதுவும் தப்புதான். திங்கக்கிழம மனு குடுக்கேன், மொத வரியே தேக்கும் அயினியும்தான்.