"குழுசேர்" அழுத்தினால் பக்கம் முழுக்கக் குறியீடு வருகிறது, உதவுங்கள்

தேன்சிட்டு: வணக்கம். அப்பா தினமும் காலையில் 15 வலைப்பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆர்எஸ்எஸ் (தளங்களில் புதிதாக வருவதைத் திரட்டிப் பார்க்கும் வசதி) வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு பதிவின் அடியில் இருந்த "இதற்கு குழுசேர்" இணைப்பை அழுத்தினேன். ஒரே குறியீடு, எதுவும் சேரவில்லை. ஞாயிறு ஊருக்குப் போகிறேன், அதற்குள் முடிக்க வேண்டும்.

மழைக்காகம்: கைப்பேசியா, கணினியா? எந்த உலாவி? அந்த வலைப்பதிவுகள் இருப்பது பிளாகர் தளத்திலா, வேர்ட்பிரஸ்ஸிலா?

தறிக்காரன்: விளம்பரத் தடுப்பான் இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். எனக்குப் பாதித் தளங்கள் அதனால்தான் உடைந்து வந்தன.

பழைய பதிவர்: தடுப்பானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்எஸ்எஸ் 1999இலிருந்து இருக்கும் விஷயம், கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடியிருக்கலாம். நீங்கள் பார்த்தது பிழை இல்லை, ஓடை (feed) என்பதே அதுதான். அதை நாம் படிக்கத் தேவையில்லை, அதற்கென்று உள்ள செயலியான ஓடைப்படிப்பான் படிக்கும். முன்பு ஃபயர்பாக்ஸ் உலாவி அதை ஒழுங்காக அடுக்கிக் காட்டும். 2018 டிசம்பரில் 64ஆம் பதிப்போடு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் அவசரம் என்றால் என்ன செய்வது?

கண்மாய்: புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? பொறுமையாகச் சொல்வோமே.

தேன்சிட்டு, ரேஷன் கடை வாசலில் இன்று என்ன சரக்கு இருக்கிறது என்று பலகையில் எழுதி வைப்பார்கள் அல்லவா? ஒவ்வொரு வலைப்பதிவும் அப்படி ஒரு பலகை வைத்திருக்கிறது. கடைசியாக வந்த பதிவுகளின் தலைப்பு, தேதி, இணைப்பு எல்லாம் அதில் இருக்கும். அதுதான் ஓடை. அப்பா இப்போது 15 கடைக்கும் நடக்கிறார். படிப்பான் என்பது அவருக்காக அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு வருகிற ஆள். தளம் நமக்கு எதையும் அனுப்புவதில்லை, படிப்பான்தான் போய்ப் பார்க்கிறது. அதனால் மின்னஞ்சல் முகவரியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

கணினி என்றால் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளிலேயே ஓடைக் கணக்கு தொடங்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் ஃபீடர் செயலி போதும். கணக்கு, கடவுச்சொல் எதுவும் கேட்காது, அப்பாவுக்கு அதுதான் நல்லது. ஓடையின் முகவரியை நகலெடுத்து அதில் ஒட்டுங்கள்.

தேன்சிட்டு: ஆண்ட்ராய்டு, குரோம். எல்லாம் பிளாகர்தான். ஃபீடர் போட்டு முதல் வலைப்பதிவைச் சேர்த்தேன். ஆனால் பதிவு ஒன்றும் வரவில்லை. "அருமை ஐயா", "வாழ்த்துகள்" என்று வரிசையாக வருகிறது.

கண்மாய்: பிடிபட்டது! பிளாகரில் ஒரு தனிப் பதிவின் அடியில் இருப்பது "கருத்துரைகளை இடு" என்ற இணைப்பு. அது அந்த ஒரு பதிவுக்கு வரும் பின்னூட்டங்களின் ஓடை. முகப்புப் பக்கத்தின் அடியில் "இடுகைகள்" என்று இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் இல்லை. வலைப்பதிவின் முகப்பு முகவரியை மட்டும் ஃபீடரில் ஒட்டுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் ஓடையின் முகவரி குறிக்கப்பட்டிருக்கும், செயலி அதை எடுத்துக்கொள்ளும். பின்னூட்ட ஓடையை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

நூலகப்பூச்சி: சேர்த்த பிறகு சில வலைப்பதிவுகளில் இரண்டு வரிதான் வரும், பயப்படாதீர்கள். பிளாகர் அமைப்பில் முழுப் பதிவா, சுருக்கமா என்பதை எழுதுபவரே தேர்ந்தெடுக்கிறார். பதிவர்களே, தயவுசெய்து முழுதாகக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வயதானவர்கள் ஒவ்வொரு முறையும் தளத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

பழைய பதிவர்: முழுதாகக் கொடுத்து நான் பட்டது போதும். ஒரு தளம் என் ஓடையிலிருந்து பதிவுகளை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டது. அன்றே சுருக்கத்துக்கு மாறிவிட்டேன். நாலு பேர் வந்து பின்னூட்டம் போட்டால்தானே அடுத்ததை எழுதத் தோன்றும்?

நூலகப்பூச்சி: திருடுபவன் பக்கத்தைத் திறந்தும் எடுப்பான். தண்டனை வாசகருக்கா?

பழைய பதிவர்: எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தறிக்காரன்: இருவருமே கொஞ்சம் நிறுத்துங்கள். தேன்சிட்டு, எல்லாம் சேர்ந்ததும் பட்டியலை ஓபிஎம்எல் (ஓடைப் பட்டியலுக்கான வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற படிப்பான் மூடப்பட்டபோது அந்தக் கோப்பு இருந்ததால்தான் என் பட்டியல் பிழைத்தது. செயலி மாறினாலும் அதை இறக்குமதி செய்துகொள்ளலாம்.

தேன்சிட்டு: முகப்பு முகவரி வேலை செய்தது. 15இல் 13 வந்துவிட்டன. கண்மாய், மிக்க நன்றி. பேருந்து ஏறிவிட்டேன்.

மழைக்காகம்: மீதி இரண்டு எவை? முகவரியைப் போடுங்கள், ஓடையை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.