பல்கலைக்கழகப் ‘பொதுக் கல்வி’க்கும் முதலாண்டு ‘செமினாரு’க்கும் என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம்.

எந்தத் துறைக்கு வந்த மாணவரும் தன் துறைக்கு வெளியே கற்றேயாக வேண்டிய பாடங்களின் தொகுதி ஒன்று. முதலாம் ஆண்டில் பத்துப் பதினைந்து பேராக இருந்து வாசித்து, விவாதித்து, எழுதிப் பழகும் வகுப்பு மற்றது. இரண்டுக்கும் தமிழில் பெயர் வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், பெற்றோருக்கு விளக்கும்போது தமிழ்ச் சொல் இல்லாமல் தடுமாற வேண்டியிருக்கிறது.

‘பொதுக் கல்வி’ நம் இலங்கைக்குச் சரிவராது. இங்கே அது தரம் 1 முதல் 13 வரையான பாடசாலைக் கல்வி. க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்) என்பதிலும் ஒரு ‘பொது’ இருக்கிறது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பும் பொதுப் பட்டம்தான். இன்னொரு பொதுவையும் கொண்டுவந்தால், “பள்ளிக்கூடத்தில படிச்சதையே திரும்பப் படிக்கிறதா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பது நியாயம்.

‘கருத்தரங்கு’ இன்னும் மோசம். செமினார் என்றால் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முந்திய கிழமைகளில் மண்டபம் நிறைய இருந்து, ஒருவர் ஒலிவாங்கியில் வினாத்தாள் செய்து காட்டுவதைப் பார்ப்பது. அந்த எண்ணத்தோடு வருகிறவர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்புக்குக் காத்திருப்பார். மாணவர் பேசாவிட்டால் இந்த வகுப்பே இல்லை.

என் முன்மொழிவு: ‘அகலக் கல்வி’, ‘முதலாண்டு நாற்றுமேடை’. செமினார் என்பதன் இலத்தீன் மூலத்துக்கு நாற்றுமேடை என்றுதான் பொருள். நாம் குருமடம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அதே வேரில் வந்தது.

*மறுமொழி (கிளிநொச்சியிலிருந்து):*

வணக்கம் சேர். அகலக் கல்விக்கு நான் உடன்பாடு. “அகல உழுவதை விட ஆழ உழு” என்று யாராவது எதிர்க்கத்தான் செய்வார்கள். ஆழத்துக்குத் துறை இருக்கிறது. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு, பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம் கேட்கும் 120 கிரெடிட்டில் (கற்றல் அளவைக் கணக்கிடும் அலகு) பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. அகலம் என்ற சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்தப் பாடங்களை ஒழுங்குசெய்யும் இணைப்பாளருக்கு வரும் பெரிய தலையிடி, ஒவ்வொரு துறையும் தன் அறிமுகப் பாடத்தையே இந்தத் தொகுதிக்குள் சேர்க்கக் கேட்பதுதான். மாணவர் தொகை கூடினால் ஆளணியும் கேட்கலாம் அல்லவா? “இது மாணவரை அகலப்படுத்துகிறதா, உங்கள் துறையின் அடுத்த பாடத்துக்குத்தான் ஆயத்தப்படுத்துகிறதா?” என்று கேட்க, பெயரே இடம் தருகிறது. முன்தேவைப் பாடம் எதுவும் அகலப் பாடமாகாது என்று கலைத்திட்டக் குழு முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

நாற்றுமேடை வேண்டாம் சேர். இங்கே விவசாய பீடம் இருக்கிறது. நேரசூசியில் ‘செவ்வாய் 2 மணி, நாற்றுமேடை’ என்று போட்டால் பிள்ளைகள் வயலுக்குத்தான் போவார்கள். நாற்று தானாக ஒன்றும் செய்வதில்லை, தண்ணீர் ஊற்றுகிறவரே எல்லாம் செய்கிறார் என்பதும் இடிக்கிறது.

‘முதலாண்டு ஆய்வுவட்டம்’ என்று வைக்கலாம். வட்டம் என்றதும் இருக்கை எப்படி என்பது தெரிந்துவிடும்: படிக்கட்டாக வாங்கு பொருத்திய விரிவுரை மண்டபத்தில் இதை நடத்த முடியாது. தொகையும் தெரியும், 16 பேருக்கு மேல் வட்டம் கலைந்து இரண்டு மூன்று பேர் மட்டும் பேசுவார்கள். 240 பேர் அனுமதியானால் 15 வட்டம். கிழமைக்கு 2 மணித்தியாலம், 15 கிழமை, ஆக 30 மணித்தியாலம். 2 கிரெடிட்டுக்கு 100 மணித்தியாலக் கற்றல் வேண்டும் என்பதால் மிச்ச 70 மணித்தியாலமும் வாசிப்புக்கும் எழுத்துக்கும். ஒருவர் மூன்று வரைவு தந்தால் ஒரு வட்டத்தின் ஆசிரியர் 48 தரம் திருத்த வேண்டும். இந்தக் கணக்கைப் பீடாதிபதிகளுக்கு முன்கூட்டியே காட்டாவிட்டால், தற்காலிக விரிவுரையாளர் தலையில் எல்லாம் விழும். அடுத்த வருடம் அவர் இருக்கமாட்டார், புதியவர் முதலிலிருந்து தொடங்குவார்.

ஜி.பி.ஏ.வில் (பாடப் பெறுபேறுகளின் சராசரியில்) சேராத பாடமாக வைப்பதும் ஆபத்து. மற்றப் பாடங்களின் இடைப் பரீட்சை வரும் கிழமை வட்டம் வெறுமையாகும். வாசிப்பை முடிக்காமல் வருகிறவரால் விவாதத்தில் சேர முடியாது. ஆகவே ஒவ்வொரு கிழமையும் அரைப்பக்கக் குறிப்பு எழுதி வரச் சொல்லி அதற்கும் புள்ளி வைக்க வேண்டும். எல்லா வட்டத்துக்கும் ஒரே புள்ளித்திட்டம். தொடக்கத்தில் ஆசிரியர்கள் கூடி ஒரே ஐந்து கட்டுரையைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்த்தால், யார் கை இறுக்கம், யார் கை தாராளம் என்பது தெரிந்துவிடும்.

*மறுமொழி (வவுனியாவிலிருந்து):*

தங்கச்சி சொன்ன வட்டம் மிக நல்ல சொல். ‘ஆய்வு’ மட்டும் உறுத்துகிறது. இறுதியாண்டில் மேற்பார்வையாளருடன் செய்வதைத்தான் நாம் ஆய்வு என்கிறோம். நூலகத்தில் ‘உசாத்துணைப் பகுதி’ எல்லோருக்கும் தெரியும். உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து எண்ணுதல். வகுப்பில் நடப்பது அதுவே. ஆகவே ‘முதலாண்டு உசாவட்டம்’.

கிரெடிட்டை இப்போது தொடவேண்டாம். அதற்கு வேறாக இருந்து பேசுவோம்.

*மறுமொழி (முதலில் எழுதியவர்):*

உசாவட்டம் எனக்குச் சம்மதம். நாற்றுமேடையை விட்டுவிடுகிறேன். அகலக் கல்வி, அகலப் பாடம், அகலக் கல்வி இணைப்பாளர், முதலாண்டு உசாவட்டம், வட்ட ஆசிரியர் என்று நம் சொற்பட்டியலில் இடுகிறேன். ‘உசாவட்டம்’ என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். ஒருவர் பிரித்தும் ஒருவர் சேர்த்தும் பதிந்தால் கணினியில் தேடும்போது பாதி வட்டங்கள் அகப்படாது.