பாம்புக்கடிக்கும் வைரஸுக்கும் நெஜமாவே ஏதாவது தொடர்பு இருக்கா?

ராத்திரிவாசகன்:
வணக்கம் மக்களே, கொஞ்ச நாளா மண்டையக் கொடையற விஷயம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, பாம்பு கடிச்சா விஷம் மட்டும் இல்ல அதோட வாயில இருக்கற வைரஸும் சேந்து ரத்தத்துல ஏறிடுமாம். வழக்கமான உருட்டுன்னு விட்டுட்டேன். ஆனா தேடிப் பாத்தா நெஜ ஆராய்ச்சி செய்தியே வருது. ஒண்ணுல, கோவிட் முத்திப்போனவங்க ரத்தத்துல பாம்பு விஷத்துல இருக்கற மாதிரி என்சைம் இருந்துச்சுன்னு போட்டிருக்கான். இன்னொண்ணுல, பாம்பு விஷத்துல இருந்தே கொரோனாவத் தடுக்கற பொருள் கெடைச்சிருக்குன்னு போட்டிருக்கான். அது எப்படிங்க ஒரே விஷம் நோயாவும் இருக்கும் மருந்தாவும் இருக்கும்? சித்தப்பா வேற "பாத்தியா கொரோனாவே பாம்பு விஷம்தான்"னு குரூப்ல ஒத்தக்கால்ல நிக்கறாரு. விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

சட்டைஉரிச்சவன்:
ப்ரோ, முதல்ல அந்த ஃபார்வர்ட முடிச்சு விட்டுடுவோம். நாய் கடிச்சா ரேபிஸ் வருது, அதனால பாம்பு கடிச்சாலும் ஏதோ வரும்னு மக்கள் நெனைக்கறாங்க, அங்கதான் கொழப்பமே. ரேபிஸ் பாலூட்டிகளோட வைரஸ், பாம்புக்கு வராது. பாம்புக்குன்னு தனியா வைரஸ் இல்லாம இல்ல, நெறையவே இருக்கு. மலைப்பாம்பு, போவா வளக்கற ஆளுங்களக் கேட்டா ஐபிடின்னு ஒரு நோயப் பத்தி பயந்து பயந்து சொல்லுவாங்க, அது வந்தா பாம்பு தலைய அண்ணாந்து வெச்சுக்கிட்டு வெறிச்சுப் பாத்துட்டே இருக்கும், மல்லாக்கத் திருப்பிப் போட்டா தானா திரும்பக்கூடத் தெரியாது. பல வருஷமா காரணம் புரியாம இருந்து 2012லதான் கலிஃபோர்னியா ஆளுங்க ஒரு அரீனாவைரஸ் வகையக் கண்டுபிடிச்சாங்க. அதுல வேடிக்கை என்னன்னா அந்த வைரஸோட மேல்புரதம் எபோலா குடும்பத்தோடது மாதிரி இருந்துச்சு. தலைப்பு போடறவனுக்கு இது போதாதா, "பாம்புல எபோலா"ன்னு அடிச்சு விட்டுருப்பான். இதுவரைக்கும் அந்த வைரஸ் மனுஷனத் தொத்தினதா ஒரு கேஸ் கூடக் கெடையாது.

கொரோனா கதை எங்க ஆரம்பிச்சதுன்னா, 2020 ஜனவரில ஒரு பேப்பர் வந்துச்சு, வைரஸோட மரபணு எழுத்துப் பழக்கத்த கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பாத்துட்டு சீன நாகமும் பல பட்டை கட்டுவிரியனும்தான் வைரஸ் தங்கியிருந்த எடமா இருக்கலாம்னு எழுதினாங்க. வந்த ஒடனேயே மத்த ஆராய்ச்சியாளருங்க கிழிச்சுத் தொங்க விட்டாங்க, ஏன்னா இந்த மாதிரி கொரோனா வைரஸுங்க பாலூட்டிலயும் பறவைலயும்தான் சுத்துது, வெறும் எழுத்துப் பழக்கத்த வெச்சு வீடு எதுன்னு சொல்ல முடியாது. கிழிச்சது யாருக்கும் போய்ச் சேரல, தலைப்பு மட்டும் சேந்துடுச்சு. 2022ல வேற தண்ணில பாம்பு விஷம் கலந்துட்டாங்கன்னு ஒரு வீடியோ சுத்துச்சே, உங்க சித்தப்பா அந்த பேட்ச்னு நெனைக்கறேன் 😄

ஒரு எடத்துல பாம்பும் மனுஷ வைரஸும் நெஜமாவே சந்திக்குது. அமெரிக்கால ஈஸ்டர்ன் ஈக்வைன் என்செஃபலைட்டிஸ்னு கொசுவால பரவற மூளைக்காய்ச்சல் இருக்கு. அலபாமா காட்டுல பிடிச்ச காட்டன்மவுத் பாம்புங்க ரத்தத்துல அந்த வைரஸ் இருந்துச்சு. குளிர்காலத்துல கொசு அடங்கிடும், அப்ப வைரஸ் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடினப்பதான் பாம்பு மேல சந்தேகம் வந்துச்சு. ஆனா அங்கயும் பரப்பறது கொசு ஊசிதான், பாம்புப் பல்லு இல்ல. கடிச்ச எடத்துல சீழ் பிடிக்குதேன்னு கேட்டா அது மார்கனெல்லா மாதிரி பாக்டீரியா வேல, வைரஸ் இல்ல.

பிப்பெட்மீனா:
சட்டை அண்ணா சொன்னது சரி, என்சைம் விஷயத்த நான் சொல்றேன், இது என் ஏரியா. அந்த என்சைம் பேரு பாஸ்ஃபோலிபேஸ் ஏ2, சுருக்கமா பிஎல்ஏ2. செல்லோட சவ்வு கொழுப்பு மூலக்கூறால ஆனது இல்லயா, அந்தக் கொழுப்புல ஒரு குறிப்பிட்ட கண்ணிய மட்டும் இது வெட்டும். விரியன், நாகம் எல்லாத்தோட விஷத்துலயும் இது இருக்கு, தசை கரையறது, நரம்பு அடங்கறதுக்கெல்லாம் பெரிய பங்கு இதோடதுதான். இப்ப முக்கியமான விஷயம், இதே குடும்பத்து என்சைம் நம்ம ஒடம்புலயும் காலங்காலமா இருக்கு. பாம்பு அத எங்கயோ வெளிய இருந்து கொண்டு வரல, ஒடம்புல வீட்டு வேல பாத்துட்டு இருந்தத ஆயுதமா மாத்திக்கிச்சு, அவ்வளவுதான்.

நம்ம ஒடம்புல பிஎல்ஏ2 குடும்பத்துல 2ஏ-ங்கற வகை கொஞ்சூண்டு சுத்தும், பாக்டீரியா வந்தா அதோட சவ்வ வெட்டிக் கொல்லும். 2021ல அரிசோனா யுனிவர்சிட்டி டீம் கோவிட் நோயாளிகளோட ரத்த மாதிரிய அலசினப்ப, நெலம மோசமானவங்க கிட்டயும் எறந்து போனவங்க கிட்டயும் இது எக்கச்சக்கமா ஏறியிருந்தத பாத்தாங்க. அளவு மீறினா அது நம்ம செல் சவ்வயே வெட்ட ஆரம்பிச்சுடும், உள்ளுறுப்பெல்லாம் அடி வாங்கும். ஆக ரத்தத்துல இருந்தது பாம்போட சரக்கு இல்ல, நம்ம சரக்குதான், பாம்போடதுக்கு தூரத்து சொந்தம். செய்தில "பாம்பு விஷம் போன்ற"ன்னு இருக்கும், ஃபார்வர்டு ஆகும்போது "போன்ற" கழண்டு விழுந்துடும்.

மருந்துப் பக்கம் வருவோம். டெங்கு, மஞ்சள் காய்ச்சல் மாதிரி வைரஸுக்கு மேல ஒரு கொழுப்பு உறை இருக்கும், அது நம்ம செல் சவ்வுல இருந்தே பிச்சுக்கிட்டு வந்தது. பிரேசில்ல ராட்டில்ஸ்னேக் விஷத்து பிஎல்ஏ2வ சோதனைக் குழாய்ல அந்த வைரஸ் மேல விட்டப்ப உறையவே வெட்டிப் போட்டுடுச்சு. நீங்க பாத்த கொரோனா செய்தி வேற, அது ஜராரகுசு விரியன் விஷத்துல இருந்த ஒரு குட்டி பெப்டைடு, அதாவது புரதத் துண்டு, வைரஸ் பெருகறதுக்குத் தேவையான ஒரு புரதத்தப் பிடிச்சு நிறுத்துது, குரங்கு செல்லுல பெருக்கம் 75% கொறைஞ்சுது. செல்லுலங்க, ஆளுக்குள்ள இல்ல. ப்ளீச்சிங் பவுடரும்தான் தட்டுல இருக்கற வைரஸ கொல்லும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வரெஸ்ப்ளாடிப்னு ஒரு மருந்து. பிஎல்ஏ2வோட வாய அடைக்கறது அதோட வேல, முன்னாடி இதய நோய்க்கு முயற்சி பண்ணி அங்க தேறல. அப்புறம் பாம்புக்கடிக்கு வாய்வழியாக் குடுக்கலாமான்னு இந்தியாலயும் அமெரிக்காலயும் ட்ரயல் நடத்தினாங்க, அதே மாத்திரைய கோவிட் நோயாளிகள் கிட்டயும் சோதிச்சாங்க. நீங்க கேட்ட தொடர்புக்கு இத விட நேரான உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நைட்டியூட்டி:
லேப் கதையெல்லாம் நல்லாருக்கு மீனா, ஆனா கேசுவாலிட்டில இந்த ரெண்டும் வேற மாதிரி மோதும். மழைக்காலத்துல டெங்குவும் ஏறும் பாம்புக்கடியும் ஏறும். கடிச்சதே தெரியாம, காய்ச்சலோட ஈறுல ரத்தம்னு ஒருத்தர் வந்தா ப்ளேட்லெட் கொறைஞ்சிருக்கறதப் பாத்துட்டு டெங்குன்னு போட்டுடுவாங்க, கண்ணாடிவிரியன் மாதிரி விரியன் கடிலயும் ப்ளேட்லெட் கொறையும். அங்கதான் இருபது நிமிஷ டெஸ்ட். சுத்தமான காஞ்ச கண்ணாடிக் குழாய்ல 2 மில்லி ரத்தம் எடுத்து அசைக்காம 20 நிமிஷம் வெச்சுட்டு ஒரு தடவ சாய்ச்சுப் பாக்கணும், ரத்தம் தண்ணியா ஓடினா உறையற சமாச்சாரமே போச்சுன்னு அர்த்தம், விரியன் சந்தேகம் பலமாயிடும். டெங்குல ப்ளேட்லெட் கொறைஞ்சாலும் பெரும்பாலும் ரத்தம் உறைஞ்சுடும். குழாய் கண்ணாடியா இருக்கணும், சோப்புப் போட்டுக் கழுவினதா இருக்கக் கூடாது, ரெண்டுலயும் தப்பான ரிசல்ட் வரும். நடுவுல யாராவது சும்மா எடுத்து ஆட்டி ஆட்டிப் பாக்கறதப் பாத்தா எனக்கு பிபி ஏறிடும்.

கட்டுவிரியன் (பேருலதான் விரியன், நெஜத்துல நாகத்தோட குடும்பம்) இன்னும் மோசம், தரைல தூங்கறவங்கள ராத்திரி கடிக்கும், வலி இருக்காது, தடம் கூட இருக்காது. விடியக்காலைல வயித்துவலி வாந்தின்னு வருவாங்க, கொஞ்ச நேரத்துல கண்ணிமை தொங்கும். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற நரம்புத் தளர்ச்சின்னு நெனைச்சு நேரத்த விட்டுட்டா மூச்சு நின்னுடும். கேஸ் எதுவா இருந்தாலும் ரத்தம் உறையுதான்னு தெரியறதுக்கு முன்னாடி டைக்ளோஃபினாக் ஊசிய தூக்கிட்டு வராதீங்க, டெங்குக்கும் ஆகாது விரியனுக்கும் ஆகாது. அப்புறம் கடிவாய பிளேடால கீறறது, அதே பிளேடால அடுத்த ஆளையும் கீறறது, இதுல ஹெபடைட்டிஸ் பி, ஹெச்ஐவி பரவ வழி இருக்கு. பாம்புக்கடியால வைரஸ் வரணும்னா இப்படித்தான் வரும், பாம்பு மேல தப்பு இல்ல.

எலிவளை:
கேள்வில ஆபத்து யாருக்குங்கற பக்கத்த யாரும் தொடல. இந்தியால 2000 டூ 2019 பாம்புக்கடியால 12 லட்சம் பேர் எறந்திருக்கலாம்னு ஒரு பெரிய ஆய்வு 2020ல வந்துச்சு, வருஷத்துக்கு சராசரியா 58,000, அதுல பாதி ஜூன்லேர்ந்து செப்டம்பருக்குள்ள. ஒலக அளவுல வருஷத்துக்கு 81,000லேர்ந்து 1,38,000 வரைக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துல 2014 டூ 2020 ஆஸ்பத்திரிக் கணக்க எடுத்துப் பாத்ததுல ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா பாம்புக்கடி சுமார் 6% ஏறுது. கோஸ்டா ரிகால எல் நினோ ஏத்த எறக்கத்தோட கடியும் ஏறி எறங்குது. கொசு வைரஸுக்கு மேப் போடறவங்களும் இதே வெயில், மழை, யாரு எத்தன மணிக்கு வெளிய நடக்கறாங்கங்கற இதே டேட்டாவத்தான் பாக்கறாங்க. எலி பெருகினா ஹன்டா வைரஸ் கவலை, எலி பின்னாடியே பாம்பும் வரும். பாம்பும் வைரஸும் ஒண்ணால ஒண்ணு வரல, ரெண்டுக்கும் கதவு ஒண்ணு, வெறுங்காலோட வயல்ல நடக்கறவங்களும் கொசுவலை இல்லாம தூங்கறவங்களும்தான் ரெண்டுலயும் மாட்டறாங்க.

ராத்திரிவாசகன்:
அருமை, நன்றிங்க எல்லாருக்கும், சித்தப்பாவுக்கு லிங்க் அனுப்பிட்டேன், இன்னும் நீலடிக் வரல. ஒரே ஒரு டவுட், விஷமுறிவு மருந்து குதிர ரத்தத்துலேர்ந்து எடுக்கறாங்கன்னு படிச்சேன், அப்ப குதிரையோட வைரஸ் நமக்கு வராதா?

பிப்பெட்மீனா:
நல்ல கேள்வி. குதிரைகள மொதல்லயே சோதிச்சுதான் எடுப்பாங்க, அப்புறம் பிளாஸ்மாவ அமிலத்தன்மைல பெப்சின்ங்கற செரிமான என்சைம் போட்டு வெட்டறது, காப்ரிலிக் அமிலத்துல சுத்தம் பண்றதுன்னு படிகள் இருக்கு, உறை உள்ள வைரஸ் அதுலயே செத்துடும். உலக சுகாதார நிறுவன வழிகாட்டில வைரஸ் பாதுகாப்புக்குன்னு தனியா பகுதியே இருக்கு.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், குதிரையே வேண்டாங்கற ஆராய்ச்சில ஒண்ணு ஹெச்ஐவி ஆராய்ச்சிலேர்ந்து வந்திருக்கு. பல ரக ஹெச்ஐவியையும் ஒரே அடில பிடிக்கற ஆன்டிபாடிய தேடற முறைய அப்படியே பாம்பு நரம்பு நஞ்சு மேல திருப்பி, 2024ல அமெரிக்காவோட ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலைய ஆளுங்க 95மேட்5னு ஒண்ணு எடுத்தாங்க, பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேந்து பண்ணது. பல பட்டை கட்டுவிரியன், ராஜநாகம், பிளாக் மாம்பா விஷம் ஏத்தின எலிங்க பொழச்சுச்சு. ஆனா கண்ணாடிவிரியன் மாதிரி நெஜ விரியனுக்கு இது ஒதவாது, அதோட விஷம் வேற ரகம்.

நைட்டியூட்டி:
எலி பொழச்சதுல சந்தோஷம். இப்போதைக்கு எங்க கைல இருக்கறது குதிர மருந்துதான், அதுல வைரஸ விட அலர்ஜிதான் பயம். ஏத்தும்போது அட்ரினலின் சிரிஞ்சுல ரெடியா இருக்கணும், பேஷண்ட் பக்கத்துலயே ஆள் நிக்கணும்.