ஒன்றரை மாத்திரை பதினொன்றான கதை

பக்க வடிவமைப்பாளர், சிவகாசி:

இருபது ஆண்டுகளாக டி.டி.பி. வேலை, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை, செய்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீரிழிவு மருத்துவமனைக்காக மருந்துக் குறிப்புத் தாள் ஒன்றை வடிவமைத்தேன். புரூப்பை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரித் தாளை, பார்த்த எவரும் குறை சொல்லவில்லை. அச்சுக்கு அனுப்புமுன், எழுபது வயதைக் கடந்த என் பெரியப்பாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘1½ மாத்திரை’ என்றிருந்ததை அவர் தயக்கமே இல்லாமல் ‘பதினொன்று’ என்று படித்தார். பின்னத்தின் கீழிருந்த 2 அவருக்கு வெறும் மைக்கறையாகத்தான் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகுதான், கண் எப்படிப் படிக்கிறது என்பதைத் தேடித் தெரிந்துகொண்டேன். வரியின் மீது பார்வை சீராக ஊர்ந்து செல்வதாக நாம் நினைக்கிறோம்; உண்மையில் அது தாவித் தாவிச் செல்கிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறக்குறைய கால் விநாடி தங்குகிறது. தெளிவாகத் தெரியும் பரப்போ சுமார் 2 பாகைதான், 40 செ.மீ. தொலைவில் பிடித்த தாளில் அது 1.4 செ.மீ. அகலம். அதற்கு வெளியே எழுத்துகள் மங்குவதோடு நில்லாமல், அண்டை வடிவங்களோடு கலந்தும்விடுகின்றன. இந்த நெரிசலை டச்சு ஆய்வாளர் ஹெர்மன் பவுமா 1970-இல் அளந்து காட்டினார்: பார்வை மையத்திலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதில் பாதியளவு இடைவெளியாவது அதைச் சுற்றி இருந்தால்தான் அது இன்ன எழுத்தென்று அடையாளம் தெரியும்.

தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, பழக்கத்தின் காரணமாக 10 பாயிண்ட் (அச்செழுத்தின் அளவு அலகு) எழுத்துக்கு 12 பாயிண்ட் வரி இடைவெளி வைத்திருந்தேன். ஆங்கிலத்திற்கு அது போதும். தமிழிலோ மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரக் கொக்கியும் இடம் கேட்கின்றன. மேல் வரியின் ‘முன்’ என்பதில் மு-வின் வால், கீழ் வரியின் ‘பின்’ என்பதன் புள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உணவுக்கு முன்னா பின்னா என்பதே அந்தத் தாளின் உயிர்நாடியான செய்தி. எழுத்தை 13 பாயிண்டாகவும் வரி இடைவெளியை 20 ஆகவும் மாற்றி, பின்னத்தை நீக்கிவிட்டு ‘ஒன்றரை’ என்று எழுத்திலேயே போட்டேன். ‘எடுத்துக்கொள்ளவேண்டும்’ போன்ற நெடுஞ்சொற்கள் குறுகிய பத்தியில் இரு ஓரமும் நேராக வரும்படி ஜஸ்டிஃபை செய்யப்பட்டால் சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழும் என்பதால், வலப்பக்க ஓரத்தைச் சீரற்றதாகவே விட்டேன். ‘ஓரம் கோணலாக இருக்கிறதே’ என்று மருத்துவமனையிலிருந்து கேட்டார்கள். பெரியப்பா படித்த கதையைச் சொன்னேன், மறுபேச்சு இல்லை.

புள்ளியியல் ஆசிரியை, திருநெல்வேலி:

கண் தவறாகப் படிப்பதைப் பற்றி மேலே சொன்னது படங்களுக்கும் பொருந்தும். எங்கள் மாணவர்கள் ஓர் ஊரின் குடிநீர்ப் பயன்பாட்டைக் கணக்கெடுத்து, முப்பரிமாண வட்ட விளக்கப்படமாக வரைந்து, கிராம சபையில் காட்டினார்கள். எந்தத் தெரு அதிகம் பயன்படுத்துகிறது என்று ஒருவர் கேட்டபோது, வரைந்த மாணவர்களே இரண்டு துண்டுகளை மாற்றிச் சொன்னார்கள். முன்பக்கம் சாய்ந்திருந்த துண்டு, அதன் தடிப்பும் சேர்ந்து, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கிலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவுகோலின் மீதுள்ள இடத்தை ஒப்பிடுவதில்தான் நம் கண் மிகக் குறைவாகத் தவறுகிறது. கோணத்திலும் பரப்பிலும் தவறு கூடுகிறது. அதே எண்களைப் பட்டை வரைபடமாக்கி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினோம்.

பச்சையும் சிவப்புமாக இருந்த பட்டைகளையும் மாற்ற வேண்டியதாயிற்று, ஏனெனில் இரண்டு நிறமும் தனக்கு ஒன்றாகவே தெரிவதாக அக்குழுவிலிருந்த மாணவன் ஒருவன் அதுவரை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். இப்போது நீலமும் ஆரஞ்சுமாக இருக்கிறது, பட்டையின் மீதே தெருவின் பெயரும் இருக்கிறது. அறிக்கையின் அட்டைக்கு மட்டும், ‘பார்க்க நன்றாக இருக்கும்’ என்று பழைய வட்டத்தையே கிராம சபையினர் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.