நைட் டியூட்டி முடிந்த காலையில் யோகா

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி முடித்து நேராக யோகா வகுப்புக்குப் போகும் காலைகளில், எங்கள் டீச்சர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரி கொஞ்சமாவது கண் அசந்தியாம்மா?" இல்லை என்றால் அன்றைக்குச் சூரிய நமஸ்காரம் கிடையாது. பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுக்கும்போது கைகள் தலைக்கு மேல் போகும், விடும்போது மெதுவாக இறங்கும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும் என்பார். அன்றைய பயிற்சி அவ்வளவுதான். ஆனால் அதற்குக்கூட வராமல் இருந்தால் மதியத்துக்குள் போன் வந்துவிடும்.

இந்தக் கண்டிப்பும் அந்தக் கனிவும் ஒரே ஆளிடம் இருப்பதைப் பார்த்துத்தான் எனக்கு யோகா பிடித்துப்போனது.

வகுப்பில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். வருடக்கணக்காக ஸ்டியரிங் பிடித்து இறுகிப்போன முதுகு. கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொட்டே ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். ஒருநாள் டீச்சர் அவர் முழங்கால்களுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைத்து, காலை லேசாக மடித்தபடி குனியச் சொன்னார். தொண்டையில் உரசி வரும் உஜ்ஜாயி மூச்சு பக்கத்துப் பாயில் இருந்த எனக்கே கேட்டது. முதலில் ஒரே சீராக வந்தது. அப்புறம் விடும் மூச்சு நடுவில் அறுந்தது. தோள்கள் காதுப் பக்கம் ஏறின, தாடை இறுகியது.

"போதும்ணே, படுங்க."

"இன்னும் ரெண்டு தடவை பண்ணிடறேம்மா."

"மூச்சு போதும்னு சொல்லிடுச்சே. நாளைக்கும் வரத்தானே போறீங்க?"

முகத்தில் ஏமாற்றத்தோடு படுத்தார். ஆனால் மறுநாள் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வார்டுதான் நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்தவரை முதல்முறை நடக்கவைக்கும்போது, வலித்தாலும் எழுந்தே ஆக வேண்டும் என்போம். நாலடியில் முகம் வெளுத்தால் உடனே உட்கார வைத்துவிடுவோம். அவரைச் சோம்பேறி என்று யாரும் நினைப்பதில்லை. நம் உடம்புக்கும் அதே பரிவு உண்டு என்பதை டீச்சரிடம்தான் புரிந்துகொண்டேன்.

கண்டிப்புக்குப் பேர்போன முறைகளிலும் இது இருக்கிறது. மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்றுத்தந்த அஷ்டாங்க முறையில் வாரத்துக்கு 6 நாள் பயிற்சி, ஆனால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓய்வு. புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் ஆசனத்தில் சிறு பிசகையும் விடாதவர். கை எட்டாதவர்களுக்கு மரக்கட்டையும் பெல்ட்டும் நாற்காலியும் கொடுத்துப் பழக்கியவரும் அவர்தான். இருவருக்கும் குரு கிருஷ்ணமாச்சாரியார். பிற்காலத்தில் சென்னையில் அவர் ஆளுக்குத் தகுந்தபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்' என்ற யோகா நிலையமும் அந்த வழியில் வந்ததுதான். யோக சூத்திரம் தந்த பதஞ்சலியே அந்நூலின் ஒரு பாதத்தில், அதாவது அத்தியாயத்தில், நெடுங்காலம் இடைவிடாமல் பழகச் சொல்கிறார், அடுத்த பாதத்தில் ஆசனம் பற்றிப் பேசும்போது முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறார்.

அதனால்தான், குனிந்திருப்பவர் முதுகில் கையை ஊன்றி அழுத்தும் மாஸ்டர்களைப் பற்றிக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. தசை இழுபடுவது வேறு. மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், வலி தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல மாணவர் கூச்சப்படும் வகுப்பு நல்ல வகுப்பு இல்லை என்பேன்.

உங்களில் நைட் டியூட்டி பார்ப்பவர்கள் யாராவது நாற்காலியில் கால் வைத்துச் செய்யும் இந்தப் பயிற்சியைப் பகலில் தூங்கப்போகும் முன் செய்கிறீர்களா? தூக்கம் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள். எங்கள் வார்டு பெண்களுக்கும் காட்டிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.